வயது வந்தோரும் ஆங்கிலப் பேச்சும்
(கொங்குநாட்டை முன்னிட்ட வரலாற்றுக் கட்டுரை)

மக்களை ஏனைய உயிர்களினின்றும் பிரித்துக் காட்டுவன பலவற்றுள்ளும் தலைசிறந்தது மொழியே என்பது யாவரும் ஒப்பமுடிந்த உண்மையாம். தாய்மொழி தாய்ப்பாலோடு வருவது. பிறமொழியோ முயற்சியோடு வருவது. இளமையில் அம்முயற்சி விளையாட்டாய் அமையும். முப்பது நாற்பது ஆண்டு கடந்தார்க்கோ அதுவே மலையேற்றமாய்த் தோன்றும். நம் சங்கத்து அன்பர் பலர், "தொழில் உண்டு, நிலம் உண்டு, மக்கட்பேறு உண்டு, ஆங்கிலத்தில் நான்கு சொல் சேர்த்துப் பேசுதல் ஒன்றுதான் இல்லை, இனி அது கைகூடுமோ?" என்று வினவி வருகின்றனர். இவ்வினாவிற்கு வரலாற்றைத் துணைக்கொண்டு விடை கூற முற்படுகின்றேம்.

தமிழ் பயிற்றுதலைத் தொழிலாகவுடைய யாம் ஆங்கிலப் பேச்சைப் பற்றி எழுதுதல் என்னை எனின், கூறுதும். ஒருவன் பிறமொழியிற் பேசத் தடுமாறுவது எங்கே என்பதை அறிய அவன் தாய்மொழியின் இயல்பறிதல் இன்றியமையாதது. அன்றியும், வயது வந்தோர்க்குப் பிறமொழிப் பேச்சைக் கற்பிக்கும் கலை இந்நாட்டில் முதன்முதல் செழித்தது ஐரோப்பியர் நம் தமிழைக் கற்ற காலத்தேயாம். ஆதலின் அவ்விடத்திலிருந்தே தொடங்குதல் முறையாகும்.

ஐரோப்பியர் தமிழ் கற்ற வரலாறு

1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பர்த்தலோமேயு சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அப்பொழுது அவர்க்கு வயது ஏறத்தாழ இருபத்து நான்கு; தமிழில் ஓரெழுத்தும் அறியார். அவர் செய்தது யாதெனின், ஊரிலிருந்த முதிய திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திற்கே பள்ளியை மாற்றிக்கொள்ளச் செய்து, சிறுவரோடு சிறுவராய் அமர்ந்து மணலில் விரலால் எழுத்தெழுதிப் பழகினார். எழுத்து விரைவில் வந்தது; பொருளோ வரவில்லை. ஆசிரியர்க்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாமையே அதற்குக் காரணம். பின்னர்ப் போர்த்துகீசியம் முதலிய ஐரோப்பிய மொழிகள் சிலவற்றைப் பேசவல்ல அழகப்பன் என்னும் துபாஷியைத் துணைக்கொண்டு நாடோறும் உரையாடிய பின்னரே அவர் நாவிற்குத் தமிழ் வசமாயிற்று. 1715-ஆம் ஆண்டிற்குள் அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து அச்சேற்றினார் என்றால், அவ்வழியின் பயன் விளங்கும். எழுத்துப் பயிற்சி வேறு, பேச்சுப் பயிற்சி வேறு என்பதும், தொடக்க நிலையில் இருமொழியும் அறிந்த ஒருவர் அருகிருத்தல் வேண்டும் என்பதும் இவ்வரலாற்றாற் பெறப்படும் முதற்பாடமாகும்.

அடுத்து நினைத்தற்குரியவர் வீரமாமுனிவர் எனப்படும் பெஸ்கி பாதிரியார். அவர் கொடுந்தமிழுக்கென ஓர் இலக்கணமும், செந்தமிழுக்கென மற்றோர் இலக்கணமும் தனித்தனியே லத்தீன் மொழியில் இயற்றினார். முன்னதை எழுதி முடித்தது 1728-ஆம் ஆண்டில். நம் புலவர் பலர் வழக்குமொழியைப் பிழைமொழி என்று தள்ளிய காலத்தில், பேச்சிற்கும் தனக்கென ஒழுங்கு உண்டு, புதிதாய் வருவோர் முதற்கண் அதனையே கற்றல் வேண்டும் என்று கண்டவர் அவர். இன்று ஆங்கிலம் கற்பிப்போர் பலர் இதனை மறந்து, முதல்நாளிலேயே காலங்கள் பன்னிரண்டையும் அட்டவணையாக்கி மாணாக்கர் தலையில் ஏற்றுகின்றனர். நன்னூலை முழுதும் ஓதி முடித்த பின்னரே சந்தையிற் கத்தரிக்காய் விலை கேட்கலாம் என்று விதித்தால் எத்தனைபேர் தமிழ் பேசுவர்?

1812-ஆம் ஆண்டில் எல்லிஸ் துரையின் முயற்சியாற் சென்னையிற் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டது. கம்பெனியின் இளம் உத்தியோகஸ்தர்கள் அங்கே நம் நாட்டு முன்ஷிகளிடம் தமிழும் தெலுங்கும் பிறவும் பயின்றனர். குறித்த காலத்திற் பரீட்சை நடைபெறும். தேறினோர்க்குப் படி உயரும். அக்கல்லூரித் தமிழ்ப் புலவராகிய தாண்டவராய முதலியார் 1826-ஆம் ஆண்டில் பஞ்சதந்திரக் கதையை மராத்தியினின்றும் எளிய வசனமாக்கி வெளியிட்டார். செய்யுளே நூல் என்றிருந்த காலத்தில் வயது வந்த மாணாக்கர்க்கு வேண்டியது வசனமே என்றறிந்து செய்த தொண்டு அஃது. நேரம் குறித்த வகுப்பு, சுவையுள்ள பாடம், இடையிடையே தேர்வு, தேறினார்க்கு ஊதியம் என்னும் இந்நான்கும் வயது வந்தோர் கல்விக்கு நான்கு கால்கள் என்க.

துபாஷிகளும் கோயமுத்தூர் விசாரணையும்

இனி, நம்மவர் ஆங்கிலம் கற்ற வரலாற்றைக் காண்போம். துபாஷி என்னுஞ் சொல் இருமொழியாளன் என்னும் பொருட்டு. சென்னைத் துறைமுகத்தில் ஆங்கில வணிகர்க்கும் நெசவாளர்க்கும் இடையே நின்று பேசியவர் துபாஷிகளே. அவருட் பலர் எப்பள்ளியிலும் ஆங்கிலம் ஓதியவரல்லர். கிடங்கிலும் கடையிலும் காதாற் கேட்டே கற்றவர். அறம்பல செய்து புகழ்பெற்ற பச்சையப்ப முதலியாரும் (1754-1794) அவ்வகுப்பினரே. 1785-ஆம் ஆண்டையொட்டி ஸ்வார்ட்ஸ் பாதிரியார் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் வைத்தார். ஆயினும் அவை சிறுவர்க்கு உரியன.

கொங்குநாடு 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னர்க் கம்பெனியார் வசமாயிற்று. அக்காலத்தில் நம் முன்னோர்க்குக் கலெக்டரிடம் நேரே சொல்லவோ கேட்கவோ மொழியில்லை. கச்சேரியிலிருந்த இடையாளரே காது, அவரே வாய். இதன் விளைவை அறியக் கோயமுத்தூர் விசாரணை ஒன்றே சாலும். கலெக்டராயிருந்த வில்லியம் காரோ என்பார் தம் பொக்கிஷப் பொறுப்பாளரான காசிச் செட்டியை முழுதும் நம்பியிருந்தார். அரசிறையிலும் குடிகளிடத்தும் பெருமுறைகேடுகள் நடந்தன என்னும் முறையீட்டின்மேல், தாமஸ் மன்றோவும் ஜான் சல்லிவனும் 1815, 1816-ஆம் ஆண்டுகளில் நேரில் வந்து விசாரித்தனர். பின்னர் நெடுங்காலம் நம் மாவட்டக் கலெக்டராயிருந்து உதகமண்டலத்தை உருவாக்கிய சல்லிவனே இவர். இங்கு ஒருவர் பெயரையோ குலத்தையோ பழிப்பது எம் கருத்தன்று. ஆள்வோனுக்கும் குடிக்கும் இடையே மொழி மதிலாய் எழுந்து நிற்குமாயின், அம்மதிலின் வாயில் எவன் கையிலுளதோ அவனே அரசன் ஆவான் என்பதுதான் கருதத்தக்கது.

அன்றைய கச்சேரி மறைந்தது. மதில் முற்றும் மறையவில்லை. வங்கிக் கடன் பத்திரத்திலும், காப்புறுதித் தாளிலும், மருத்துவமனைச் சம்மதச் சீட்டிலும் ஆங்கில எழுத்தின் கீழ் நம்மவர் கையெழுத்திடுகின்றனர். பொருளைச் சொல்லுபவர் வேறொருவர். அவர் நல்லவராயின் நன்று. அல்லராயின் என் செய்வது? வயது வந்தோர்க்கு ஆங்கிலப் பேச்சு வேண்டுவது பெருமை பேசுதற்கன்று, "இவ்விடத்தில் என்ன எழுதியிருக்கிறது?" என்று நேரே கேட்கும் உரிமைக்காகவேயாம்.

உத்தியோகமும் பட்லர் ஆங்கிலமும்

1835-ஆம் ஆண்டில் பெண்டிங்க் பிரபு ஆங்கிலக் கல்விக்கே அரசாங்கப் பொருளைச் செலவிடுவதென்று தீர்மானித்தார். 1844-இல் ஹார்டிஞ்சு பிரபு ஆங்கிலம் அறிந்தார்க்கே உத்தியோகங்களில் முதன்மை என்று விதித்தார். 1862-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை போத்தனூரை எட்டியது. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதலியோர் கோயமுத்தூர் நூற்பு நெசவு ஆலையைத் தொடங்கினர். இருப்புப்பாதை, மலைத்தோட்டம், ஆலை ஆகிய மூன்றும் பள்ளி காணாத ஆயிரக்கணக்கான மக்களை ஆங்கிலத்தின் வாயிலிற் கொண்டு நிறுத்தின.

அவ்வாயிலிற் பிறந்ததே 'பட்லர் ஆங்கிலம்' என்று நகையாடப்படும் பேச்சு. சென்னை மாகாணத்தில் துரைமார் இல்லங்களிற் பணிபுரிந்தோர் வாயில் வழங்கிய அதனை, யூலும் பர்னெலும் 1886-இல் வெளியிட்ட ஹாப்சன் ஜாப்சன் அகராதி தனிச்சொல்லாகவே பதிவு செய்துள்ளது. ஷூகார்ட் என்னும் மொழிநூலறிஞர் 1891-இல் அதனை ஆராய்ந்து எழுதினார். சொல்லுவேன் என்பதற்கு 'ஐ டெல்லிங்', சொல்லிவிட்டேன் என்பதற்கு 'ஐ டன் டெல்' என்பன அதன் மாதிரிகள். பிழை என்று இதனைத் தள்ளிவிடுதல் எளிது. உற்று நோக்குவார்க்கோ இதன்கண் ஓர் ஒழுங்கு புலப்படும். 'சொல்லிவிட்டேன்' என்பதிலுள்ள 'விடு' என்னும் துணைவினையின் வேலையை 'டன்' என்பது செய்கின்றதன்றோ? எழுத்தறியாத ஒருவன் தன் தாய்மொழியின் நெறியைக் கொண்டே பிறமொழியிற் பாலமிட்ட திறமை வியக்கத்தக்கதே.

எனினும் அதிலொரு குறையும் உண்டு. கட்டளையைக் கேட்டு மறுமொழி கூறுதற்கே அப்பேச்சு பிறந்தது. ஏன் என்று கேட்கவும், இயலாது என்று மறுக்கவும், கூலி இதுவென்று வாதிடவும் அதில் இடம் மிகக் குறைவு. பயன்படும் வாசகங்களை மட்டும் கிளிபோற் கற்பிப்போர் இன்றும் இக்குறைக்கு ஆளாகின்றனர். வினவுதல், மறுத்தல், மீண்டுஞ் சொல்லக் கேட்டல் என்னும் மூன்றும் முதல்வாரப் பாடத்திலேயே இடம்பெறல் வேண்டும் என்பது எம் துணிபு.

திருப்பூர் காட்டும் பாடம்

1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி மந்திரியாயிருந்த நம் கொங்குநாட்டுச் செல்வர் தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் உயர்நிலைப் பள்ளிகளில் தமிழே பாடமொழியாதற்கு வழிகோலினார். அவர் தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகம், மற்றொரு கொங்குநாட்டறிஞராகிய பெரியசாமித் தூரன் அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. தமிழிற் பயின்றதனால் நம்மவர் அறிவு குன்றவில்லை என்பதற்கு நம் நாட்டுத் தொழில்வளமே சான்று. ஆயின், தமிழிற் பயின்று தொழிலில் உயர்ந்தோர், வெளிநாட்டு வணிகரை எதிர்கொண்ட நாளில் ஆங்கிலத்தை நடுவயதிற் கற்கவேண்டியதாயிற்று.

இதனைத் திருப்பூரில் தெளிவாய்க் காணலாம். 1970-களின் இறுதியில் ஐரோப்பிய வணிகர் பனியன் துணிக்காக அவ்வூரை நாடி வரத் தொடங்கினர். 1980-களில் ஏற்றுமதி பெருகிற்று. வேளாண்குடியிற் பிறந்து, பனியன் கம்பெனியில் தொழிலாளியாய்ப் புகுந்து, பின்னர் முதலாளியானோர் வரலாற்றைச் சரத் சாரி என்னும் ஆராய்ச்சியாளர் 2004-இல் ஒரு நூலாகவே எழுதியுள்ளார். அத்தகையோர்க்கு ஆர்டர், சாம்பிள், கலர், சைஸ், டெலிவரி, ஷிப்மெண்ட், செக்கிங், டேமேஜ் முதலிய சொற்கள் நாட்பழக்கமானவை. எனவே அவர் சொல்லறியாதவர் அல்லர். நூற்றுக்கணக்கான பெயர்ச்சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றைக் கோக்கும் வினைச்சொல்லாகிய நூல் இன்றி நிற்பவர். முத்து உண்டு, நூலில்லை. மாலை எவ்வாறு அமையும்? ஆதலின் வயது வந்த மாணாக்கரை ஒன்றும் அறியாத குழந்தையாய்க் கருதி, பூனை எலி என்று தொடங்குவது அவர் மானத்தைக் குறைப்பதோடு காலத்தையும் வீணாக்கும். அவர் தொழிற் சொற்களையே முதலாக வைத்து, வேண்டும், அனுப்பு, தாமதமாகும், முடியும், முடியாது என்னும் வினைகளைச் சேர்ப்பித்தால் இரண்டு வாரத்தில் வாக்கியம் பிறக்கும்.

சொல்லெண்ணிக்கை பற்றி அஞ்சவும் வேண்டா. ஆக்டன் என்னும் ஆங்கில அறிஞர் 1930-இல் 850 சொற்களே கொண்டு பொதுக்கருத்தெல்லாம் உரைக்கலாம் என்று ஒரு திட்டம் வகுத்தார். வங்காளத்திற் பல்லாண்டு ஆசிரியப் பணிபுரிந்த மைக்கேல் வெஸ்ட் என்பார் 1953-இல் ஏறத்தாழ 2000 சொற்கள் அடங்கிய பொதுப்பட்டியலை வெளியிட்டார். 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்பார் பெங்களூரிலும் நம் மாகாணப் பள்ளிகள் சிலவற்றிலும் நடத்திய சோதனையில், இலக்கண விதியை முன்னிறுத்தாது, கால அட்டவணை பார்த்து விடைகூறல், படம்பார்த்து வழிகாணல் போன்ற செயல்களைக் கொடுத்து அவற்றின் வாயிலாகவே ஆங்கிலம் பயிற்றினார். பொருளில் மனம் ஊன்றினால் மொழி தானே படியும் என்பதே அவர்தம் கொள்கை. சீகன்பால்கு காலத்து அனுபவமும் இதுவே யன்றோ?

கொங்குத் தமிழர்க்குரிய சிறப்புத் தடைகள்

இனி, நம் நாவிற்கே உரிய தடைகள் சில உள. முதலாவது ஒலி. தமிழிற் ககரம் ஓரெழுத்தே. இடத்திற்கேற்ப அதன் ஓசை வேறுபடும். ஆங்கிலத்திலோ வல்லோசையும் மெல்லோசையும் பொருளையே மாற்றும். மேற்சட்டையைக் குறிக்குஞ் சொல்லும் ஆட்டைக் குறிக்குஞ் சொல்லும் தமிழெழுத்தில் 'கோட்' என்னும் ஒரே வடிவம் பெறும். ஆகவே தமிழெழுத்தில் எழுதிவைத்து ஆங்கிலம் கற்பது கண்ணுக்கு எளிது, காதுக்குக் கேடு. கேட்டுக் கேட்டுச் சொல்வதே வழி.

இரண்டாவது சொற்றொடர் முறை. தமிழில் வினை இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வந்துவிடும். நம்மவர் பேசத் தொடங்கி நடுவே நின்று விழிப்பதற்குக் காரணம் அறியாமையன்று. கடைசியில் வரவேண்டியதை முதலிலே எடுக்கவேண்டியிருத்தலேயாம். குறுந்தொடர்களை நாடோறும் வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் இத்தடை நீங்கும்.

மூன்றாவது மரியாதை. இது கொங்குநாட்டார்க்கே சிறப்பாக உரியது. "வாங்க, சொல்லுங்க, ஏனுங்க" என்று ஒவ்வொரு சொல்லின் வாலிலும் பணிவை வைத்துப் பேசுவது நம் மரபு. ஆங்கிலத்தில் அவ்வாலுக்கு இடமில்லை. சிறியோர்க்கும் பெரியோர்க்கும் 'யூ' ஒன்றே. அதனால் நம் பெரியவர்க்கு ஆங்கிலம் பேசும்போது ஒருவரை 'நீ' என்று விளிப்பதுபோன்ற கூச்சம் உண்டாகின்றது. மறுபுறத்தில், "தண்ணி கொடுங்க" என்பதிலுள்ள 'ங்க' ஆங்கிலத்தில் உதிர்ந்துவிடுதலால், கேட்போர்க்கு நம்மவர் அதட்டுவதுபோல் தோன்றுகின்றது. ஆங்கிலத்தின் பணிவு சொல்லின் வாலில் இல்லை. 'ப்ளீஸ்' என்னும் சொல்லிலும், 'குட் யூ' என்னும் வினாத்தொடக்கத்திலும் உளது. நம் 'ங்க' அங்கே இடம் மாறி முன்வந்து நிற்கிறது என்று ஒருமுறை விளக்கினாற் போதும்; கூச்சமும் தீரும், குற்றமும் தீரும்.

நான்காவது நாணம். இதுவே தலையாய தடை. ஊரில் நால்வர் மதிக்கும் நிலையிலுள்ள ஒருவர், தம் பேரனையொத்த வயதினர்முன் தவறாய்ப் பேசி நகைக்கு ஆளாவதை விரும்பார். வீட்டில் தாய்மார் நிலை இதனினும் அரிது. மகவு ஆங்கிலப் பள்ளியிற் பயில, பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை ஆங்கிலத்திற் கூறுவதைப் புரிந்துகொள்ளாது, மகவையே துபாஷியாக வைத்து, அது சொன்னதை நம்பி வரும் தாய்மார் பலரை யாம் ஆசிரியத் தொழிலிற் கண்டுள்ளேம். மதிப்பெண் குறைந்த மாதத்தில் அச்சிறு துபாஷியின் மொழிபெயர்ப்பு எத்தகையதாயிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

செய்யத்தக்கன

இவ்வரலாறு முழுதும் நோக்கியபின் நம் சங்கத்தார்க்குச் சில விண்ணப்பம் செய்துகொள்ளுகின்றேம். நகரத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நிலையங்கள் தெருத்தோறும் உள. கைப்பேசியிலும் பாடங்கள் நிறைந்துள. இருந்தும் நம் முதியோர் அங்குச் செல்லார். இளைஞரிடையே அமரக் கூசுவர். ஆதலின் சங்கக் கட்டடத்தில், ஒத்த வயதினர் பதினைவர்க்கு மேற்படாத வகுப்பொன்று மாலையில் ஒருமணி நேரம், வாரத்தில் மூன்று நாள் நடத்தலாம். தாய்மார்க்குப் பிற்பகலில் தனிவகுப்பு வேண்டும். ஆசிரியர் தமிழும் நன்கறிந்தவராயிருத்தல் வேண்டும். நம் குடும்பங்களிற் கல்லூரிப் படிப்பு முடித்த பெண்மக்கள் பலர் இதற்குத் தக்கவர். ஒவ்வொரு வாரத்திற்கும் ஓர் இடத்தைப் பாடமாகக் கொள்ளலாம்: வங்கி, மருத்துவமனை, புகைவண்டி நிலையம், பள்ளி, வெளிநாட்டு வணிகர் வருகை என்றிவ்வாறு. முதலில் கேட்டல், அடுத்து இருவர் இருவராய்ப் பேசுதல், இறுதியில் அவ்விடத்துத் தாளொன்றை வாசித்தல் என்பது முறை. ஒருவர் தவறும்போது இடைமறித்துத் திருத்தாது, பேசி முடித்தபின் திருத்துவதே பண்பாகும். திங்கள் இறுதியில் ஒரு சிறு தேர்வும், தேறினார்க்கு ஆண்டுவிழா மேடையில் ஒரு மரியாதையும் இருப்பின், கோட்டைக் கல்லூரியின் நான்கு கால்களும் நம் வகுப்பிற்கும் அமைந்துவிடும்.

"இவ்வாறு ஆங்கிலத்தை ஊக்கினால் தமிழ் என்னாகும்?" என்று சிலர் வினவலாம். தமிழைத் தொழிலாகவும் உயிராகவும் கொண்ட எமக்கு அவ்வச்சம் சிறிதும் இல்லை. தமிழ் தேய்வது நாற்பது வயதினர் வங்கியில் நான்கு ஆங்கில வாக்கியம் பேசுவதாலன்று. நான்கு வயதுக் குழந்தையோடு வீட்டில் தமிழ் பேசாமையால் ஆகும். பிறமொழியைத் தேவைக்குக் கற்றவன் தன்மொழியை விடான். பிறமொழிக்கு அஞ்சி நாணுபவனே, தன் மக்களேனும் அந்நாணம் படாதிருக்கட்டும் என்று அவர்களைத் தமிழினின்றும் விலக்கி வைக்கின்றான். பெற்றோர் நாணம் நீங்கினால் பிள்ளைகளின் தமிழ் நிலைபெறும் என்பது எம் உறுதியான எண்ணம்.

சீகன்பால்கு மணலில் எழுதியதும் வயது வந்த பின்னரே. கோட்டைக் கல்லூரியில் நம் முன்ஷிகளிடம் உயிரெழுத்துச் சொல்லத் திணறியோரும் வயது வந்தோரே. அவர்க்குக் கைகூடியது நமக்குக் கைகூடாமைக்கு ஒரு காரணமும் இல்லை. சங்க நிருவாகிகள் இதனை அடுத்த கூட்டத்தில் ஆராய்ந்து ஆவன செய்வார்களாக. அன்பர்கள் தத்தம் இல்லத்துப் பெரியோரையும் தாய்மாரையும் வகுப்பிற்கு அனுப்பி வைப்பார்களாக.

வாழ்க தமிழ்! ஓங்குக நம் சங்கம்!